சாட்சித் துளி

செவிலியர் கண்காணிப்பாளர் ஜெபக்கனி ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது, ஒரு பெண்ணின் தலைமுடியில் அவளுடைய கையெழுத்து அகப்பட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் நிறைமதி. இருபத்திரண்டு வயது. தேரிக்கரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஒன்பது நாளாகப் படுத்திருந்தாள். முகம் வீங்கி, கண் இரண்டும் வெறும் கோடாகியிருந்தன. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. உடம்பின் புரதம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, பரம்பரையில் யாருக்கும் இல்லை. அந்த வருடத்தில் இப்படி வந்த பதினான்காவது பெண் அவள். எல்லாரும் முப்பதுக்குக் கீழே. எல்லாருக்கும் கழுத்தைவிட முகம் வெளுப்பு.

அந்த வெளுப்பைக் கவனித்தது டாக்டர்கள் இல்லை, ஜெபக்கனி. அவள்தான் சண்டை போட்டு, நிறைமதியின் முடியில் ஒரு கொத்தை மண்டையை ஒட்டி நறுக்கி, சென்னையிலிருக்கும் பாதரசத் தடய ஆய்வகத்துக்கு அனுப்ப வைத்தாள். மூன்றாம் வாரம் பதில் வந்தது. தபாலில் அல்ல. ஆய்வகத்தின் தலைமை ஆய்வாளர் ஹபீபாவே காலை ரயிலில் வந்து இறங்கினாள்.

“மெயில்ல அனுப்பியிருக்கலாமே மேடம். இதுக்காகவா இம்புட்டு தூரம் வந்திய?”

“மெயில் போட்டா முதல்ல உங்க டீன் படிப்பார். நீங்க முதல்ல படிக்கணும்னு வந்தேன்.” ஹபீபா தாளை நீட்டினாள். “பாதரசம் இருக்கு. முகத்துக்குப் போட்ட க்ரீம்ல இருந்துதான். நீங்க சந்தேகப்பட்டது சரி. ஆனா கடைசி வரியைப் பாருங்க.”

ஜெபக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முத்திரை எண்: தே.ம. 417. பொறுப்பாளர்: ஜெ. ஜெபக்கனி.

இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாதரசத் தடைச் சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முன்பே அவள் மருத்துவமனையிலிருந்து பாதரசத்தை வெளியேற்றும் வேலையைத் தொடங்கியிருந்தாள். பெரிய டாக்டர்கள் யாரும் பழைய ரத்த அழுத்தக் கருவியை விடமாட்டேன் என்றார்கள். புதுக் கருவி பொய் சொல்கிறது என்றார்கள். வார்டு வார்டாக அலைந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆயிரத்து இருநூறு நோயாளிகளுக்கு அளந்து காட்டி, அவர்கள் வாயை அடைத்தாள். அறுநூற்று நாற்பது வெப்பமானிகள், நூற்றுப் பதினெட்டு அழுத்தக் கருவிகள், பல் பிரிவில் மிச்சமிருந்த பாதரசம். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோ நானூறு கிராம். ஒரு லிட்டர்கூட வரவில்லை. ஒரே ஒரு எஃகு பாட்டில். தூக்கினால் கை இறங்கியது. பொறுப்பாளர் கையெழுத்தை யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது டீன் கோவர்தனன், “உங்க சாதனை சிஸ்டர், நீங்களே போடுங்க” என்றார். அந்த வருடம் மருத்துவமனைக்கு ‘பாதரசமற்ற மருத்துவமனை’ என்று ஒரு கேடயம் கிடைத்தது. அதை வாங்க டீன் போனார்.

பாட்டிலை எடுத்துப்போனது நீலவானம் என்ற கழிவு மேலாண்மை நிறுவனம். பழைய கல்குவாரி ஒன்றைக் குடைந்து கிடங்கு கட்டி, நூறு வருடத்துக்குத் திறக்காதபடி மூடி வைப்பதுதான் ஒப்பந்தம்.

ஜெபக்கனி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேரே நிறைமதியின் கட்டிலுக்குப் போனாள். இதை அந்தப் பெண்ணிடம் வேறு யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்தாள்.

“என் முடியில ஒங்க பேரு எப்படி சிஸ்டர் வரும்?” என்றாள் நிறைமதி.

“பாதரசத்துல ஏழு தினுசு அணு இருக்கு பிள்ள. பாக்கதுக்கு ஏழும் ஒண்ணுதான். எடைதான் கூடக் கொறைய இருக்கும். பச்சரிசியும் இட்லி அரிசியும் கலந்து வச்சா, எண்ணிப் பாத்து எது எத்தனைன்னு சொல்லலாம்லா? அது மாதிரி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் கவர்மெண்டு ஒரு கலவை வச்சிருக்கு. ஒரு குப்பியில ஒரு சொட்டு அனுப்புவாங்க. சாட்சித் துளின்னு பேரு. அத எங்க பாதரசத்துல விட்டுக் கலக்கணும். கலந்துட்டா யாராலயும் பிரிக்க முடியாது. உப்பாக்கினாலும் சரி, க்ரீம்ல போட்டாலும் சரி, ஒன் ரத்தத்துல ஓடி முடியில வந்து நின்னாலும் சரி, நான் எங்கேயிருந்து வாரேன்னு அது சொல்லிரும்.”

“அப்போ இது இங்க இருந்து வந்ததா?”

“ஆமா.”

“ஒங்க கையில இருந்தா?”

“என் கையாலதான் மூடி சீல் வச்சேன். கிடங்குக்குப் போகுதுன்னு நெனச்சேன். எவனோ கடைக்கு அனுப்பியிருக்கான்.”

நிறைமதி அழுவாள் என்று ஜெபக்கனி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

“நான் வேலை பாக்க ஜவுளிக் கடையில ஒரு அட்டை வச்சிருக்காங்க சிஸ்டர். பெயின்ட் கடையில குடுப்பாங்கல்லா, கலர் அட்டை, அதே மாதிரி. மாசம் ஒருக்கா சூப்பர்வைசர் கன்னத்துல ஒட்டி வச்சுப் பாப்பாரு. மூணு நம்பர் வரைக்கும் உள்ளவங்க வாசல் பக்கம், பட்டுச் சேலை. ஏழுக்கு மேல போனா குடோன். அங்க ஃபேன் கிடையாது, உக்காரவும் விடமாட்டாங்க. நான் எட்டு. அப்புறம் பார்லர்ல ஒரு டப்பா குடுத்தாங்க. பேரு கூட ஒட்டியிருக்காது. ஆறு வாரத்துல நாலுக்கு வந்துட்டேன். அன்னைக்கு எல்லாரும் கைதட்டுனாங்க.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? அதத்தான் என்னால தாங்க முடியல. விஷத்துக்குச் சந்தோசப்பட்டிருக்கேன்.”

ஜெபக்கனி பல்லைக் கடித்தாள். முப்பத்து நான்கு வருட வேலையில் அவள் எத்தனையோ சாவைப் பார்த்தவள். எதிலும் இப்படிப் பல்லைக் கடித்ததில்லை.

மறுநாள் டீன் கூப்பிட்டனுப்பினார். அறையில் இன்னொருவரும் இருந்தார். நீலவானத்தின் வக்கீல் சத்யகீர்த்தி. சிரித்த முகம். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

“சிஸ்டர், விஷயம் ரொம்ப சிம்பிள்” என்றார் டீன். “முத்திரை உங்க பேர்ல இருக்கு. சட்டப்படி, வேற யாரோ எடுத்தாங்கன்னு நிரூபணம் ஆகற வரைக்கும் பொறுப்பாளர்தான் குற்றவாளி. அதாவது நீங்க. ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

வக்கீல் ஒரு தாளைத் தள்ளினார். “சின்ன ஒரு வாக்குமூலம்மா. துளி வந்த குப்பி விரிசல் விட்டிருந்தது, சரியா கலந்ததா ஞாபகம் இல்லைன்னு சொன்னாப் போதும். இந்த முத்திரை செல்லாமப் போயிடும். உங்க பேரு இந்தக் கேஸ்ல இருந்து நீங்கிடும். யாருக்கும் பிரச்னை இல்ல.”

“பதினாலு பிள்ளைங்க படுத்துக் கெடக்கு. அவங்களுக்கு?”

“இலவசமா ட்ரீட்மென்ட் குடுக்கத்தானே போறோம்” என்றார் டீன்.

“இது கவர்மெண்டு ஆஸ்பத்திரி. ஏற்கெனவே இலவசந்தான்.”

டீன் ஜன்னலைப் பார்த்தார்.

“எங்க பாட்டில் கிடங்குல இருக்கா?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“சீல் உடையாம இருக்கு” என்றார் வக்கீல்.

“தொறந்து காட்டுங்க.”

“நூறு வருஷத்துக்கு மூடினதும்மா. மந்திரியே கேட்டாலும் திறக்க முடியாது. ஆபத்தான பொருள். உங்களுக்குத் தெரியாதா?”

“அது ஆபத்தான பொருள்னு இந்த ஆஸ்பத்திரிக்கே சொல்லிக் குடுத்தவ நான்.” அவள் எழுந்தாள். குரல் உயர்ந்ததை அவளே கவனித்தாள், தாழ்த்தவில்லை. “அந்தக் குப்பியில விரிசல் கிடையாது சார். துளிய விட்டு, பாட்டில மூடி, தலைகீழாத் திருப்பித் திருப்பி இருபது நிமிசம் கலக்கினேன். தோள்பட்டை கழண்டு போச்சு. மறுநாள் தைலம் தேய்ச்சுக்கிட்டுதான் டூட்டிக்கு வந்தேன். ஞாபகம் இல்லைன்னு எழுதச் சொல்லுதிய?”

தாளை அவள் கிழிக்கவில்லை. வக்கீலின் காபிக் கோப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கோப்பையின் ஈரம் தாளில் வட்டமாக ஊறியது.

அன்று மதியம் ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் ஹபீபா சொன்னாள்: “அந்த வக்கீல் சொன்னது முக்கால்வாசி உண்மை சிஸ்டர். யாரும் திறக்க முடியாது. ஆனா சட்டத்துல ஒரு வரி இருக்கு. முத்திரைக் குற்றத்துல கைதான ஆள், தன்னோட பாட்டிலைத் திறந்து பார்க்கணும்னு கோர்ட்ல கேட்கலாம். கைதானவங்க மட்டும்தான்.”

ஜெபக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ என்னக் கைது பண்ணச் சொல்லுங்க.”

“சிஸ்டர், யோசிச்சுச் சொல்லுங்க. பென்ஷன் நின்னுடும். பேப்பர்ல பேரு வரும். நாளைக்குக் கேஸ் ஜெயிச்சாலும் அந்தப் பேரு போகாது.”

“அந்தப் பிள்ள முடிய நீங்க எடுத்துப் பாத்திய. முத்திரை யாருதுன்னு சொன்னிய. நான் இல்லைன்னு சொல்லிட்டா ஒங்க மிஷின் பொய்யாப் போகும். அடுத்து எந்த ஊர்ல எந்தப் பிள்ள படுத்தாலும், தேரிக்கரையிலயே இது தப்பாப் போச்சேன்னு சொல்லித் தள்ளிருவாங்க. ஆமா, இது என் பாதரசம். நான் கலந்தேன், நான் சீல் வச்சேன். யாரு எடுத்தான்னு அவனுவ சொல்லட்டும்.”

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தயங்கினார். அவருடைய இரண்டு குழந்தைகளும் ஜெபக்கனியின் கையில் பிறந்தவை. ஆனாலும் ஹபீபா கொடுத்த புகாரும் ஆய்வறிக்கையும் மேசையில் இருந்தன. மூன்று நாள் காவலில் இருந்தாள். ஜாமீனில் வெளியே வந்தபோது வேலையிலிருந்து நீக்கிவைத்த உத்தரவு வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. ‘பாதரசம் விற்ற நர்ஸ்’ என்று ஒரு தினசரி படத்தோடு போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை அவள் நிமிர்ந்தே இருந்தாள்.

கணவர் தேவசகாயம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “ஏளா, எட்டு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“இருந்திருக்கலாம்.”

“பெறகு?”

“கோவம் வந்துட்டு.”

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள்கூட வந்தார்.

இரண்டு மாதம் இழுத்தடித்த பிறகு கிடங்கைத் திறக்க நீதிமன்றம் அனுமதித்தது. ஒரே ஒரு பாட்டில், தே.ம. 417 மட்டும். வேறு எதையும் தொடக்கூடாது.

குவாரிக்குள் குளிர்ந்த காற்று வீசியது. சுவரோரம் எஃகு அடுக்குகளில் வரிசை வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றும் ஒரு மருத்துவமனை. நீதிமன்ற ஆணையர் எண்ணைப் படித்தார். சீலைப் பார்த்தார். ஜெபக்கனி வைத்த அதே சீல், கீறல்கூட இல்லை. எடை போட்டார்கள். சரியாக இருந்தது. முகமூடி மாட்டிய ஒருவர் மூடியைத் திருகித் திறந்து, கண்ணாடித் தட்டின்மேல் மெல்லச் சாய்த்தார்.

ஒன்றும் வழியவில்லை. பாட்டிலின் அடியில் தட்டினார். மணல் சரிந்தது. அதோடு கருத்த குண்டுகள் ஒன்றிரண்டாக உருண்டு வந்தன. மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகள்.

ஜெபக்கனியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையோ சிரிப்போ பக்கத்தில் நின்ற ஹபீபாவுக்குப் புரியவில்லை. “மத்ததையும் தொறங்க ஐயா” என்றாள் ஆணையரிடம். “அந்தா அது, பக்கத்துல உள்ளது. ஒண்ணே ஒண்ணு.”

“எனக்கு அதிகாரம் இல்லம்மா.”

சத்யகீர்த்தி அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “எல்லாரும் பார்த்தீங்க. சீல் உடையல. எடை மாறல. அப்படின்னா சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. சீல் வச்சது யாரு?”

தான் தோண்டச் சொன்ன குழி தன் காலுக்கடியில் திறந்துவிட்டது என்று ஜெபக்கனிக்குப் புரிந்தது. சீலை உடைத்துப் பாதரசத்தை எடுத்துவிட்டு மறுபடி சீல் வைத்த வழி எதுவென்று பிற்பாடு தெரிந்தது. சீல் வைக்கும் இயந்திரத்தை எல்லா மருத்துவமனைக்கும் வாடகைக்குக் கொடுத்ததே நீலவானம்தான். அதே போல் இன்னொன்று அவர்களிடம் இருந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

அடுத்த வாய்தாவில் சத்யகீர்த்தி ஒரு மனு போட்டார். பன்னிரண்டு கிலோ பாதரசத்தைத் திருட்டுத்தனமாக மாற்றி ஊற்றியவர் உடம்பில் அது ஏறாமல் இருக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் முடியையும் அதே ஆய்வகம் சோதிக்கட்டும். அதே இயந்திரம் அவரைக் காட்டிக் கொடுக்கட்டும்.

அவளுடைய வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கப் போனார். ஜெபக்கனி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “எடுத்துக்கிடுங்க ஐயா” என்றாள் நீதிபதியிடம். கொண்டையைப் பிரித்து முன்னால் விட்டாள். நரையும் கருப்புமாக முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு நுனிகூட வெட்டாத முடி. பெண் காவலர் ஒருத்தி பின்கழுத்தில் ஒரு கற்றையை நறுக்கி, உறையில் போட்டாள்.

முடிவு வந்த நாளில் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. நிறைமதியும் வந்திருந்தாள். வீக்கம் வற்றி, முகம் பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், சிறுநீரகம் முழுதாகத் தேறுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. கடையில் திரும்பக் கூப்பிட்டார்களாம். குடோனுக்கு.

ஹபீபா சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

“முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்” என்று தொடங்கினாள். “இந்தக் கற்றை எண்பத்தி நாலு சென்டிமீட்டர். அதாவது ஏழு வருஷம். சென்டிமீட்டர் சென்டிமீட்டரா வெட்டிப் பார்த்தோம். மண்டைப் பக்கத்துல இருந்து அறுபத்தோரு சென்டிமீட்டர் வரைக்கும் மீன் சாப்பிடற எல்லார்கிட்டயும் இருக்கற அளவுதான். முத்திரைப் பாதரசம் ஒரு துளிகூட இல்ல. ஒப்படைச்ச நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இவங்க அதைத் தொட்டதே இல்லைன்னு அர்த்தம்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தேவசகாயம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சத்யகீர்த்தி விடவில்லை. “அறுபத்தோரு சென்டிமீட்டர் வரைக்கும்னு சொன்னீங்க. அதுக்கு அப்புறம் என்ன இருக்கு?”

ஹபீபா ஜெபக்கனியைப் பார்த்தாள்.

“சொல்லுங்க மேடம்” என்றாள் ஜெபக்கனி.

“அதுக்குக் கீழ, நுனி வரைக்கும், அதாவது ஒப்படைக்கறதுக்கு முந்தின ரெண்டு வருஷம், பாதரசம் இருக்கு. நிறைமதி முடியில இருந்ததை விட மூணு மடங்கு.”

“ஆக, இருக்கு!”

“இருக்கு. ஆனா அதுல முத்திரை இல்ல. அது வார்டுல உடைஞ்ச பாதரசம். நுனிதான் ஏழு வருஷம் பழசு. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இப்படி இருந்ததுன்னு முடி சொல்லாது. முடி அவ்வளவு நீளம் இல்ல.”

வக்கீல் உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

ஜெபக்கனிக்கு விடுதலை என்று நீதிபதி அன்றைக்கே சொன்னார். கிடங்கின் எல்லாப் பாட்டில்களையும் திறக்கச் சொன்னார். இருநூற்று முப்பத்தொன்றில் இருநூற்றுப் பதினாலில் ஈயக்குண்டும் மணலும் இருந்தன என்பது அடுத்த மாதம் தெரியவந்தது. நீலவானத்தின் முதலாளி வெளிநாட்டில் பிடிபட்டார். மூன்று ஊர்களில் க்ரீம் கலக்கிய கொட்டகைகள் பூட்டப்பட்டன. டீன் தொலைக்காட்சியில் தோன்றி, எங்கள் சிஸ்டரை நினைத்து மருத்துவமனையே பெருமைப்படுகிறது என்றார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு நீதிபதி எழப்போனபோது, ஜெபக்கனி கூண்டைவிட்டு இறங்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் ஐயா. எனக்குள்ள கெடந்த பாதரசம் யாரோடது?”

நீதிபதி மறுபடி உட்கார்ந்தார். “சட்டம் வர்றதுக்கு முன்னாடி உள்ளதும்மா. அதுக்குப் பொறுப்பாளர்னு யாரும் பதிவாகலை.”

“நாங்க பதிவாகியிருக்கோமே ஐயா. எங்க பேரு டூட்டி ரிஜிஸ்டர்ல இருக்கு. வெப்பமானி உடையாத நாளு கெடையாது. பிள்ளைங்க கடிச்சு உடைக்கும், ட்ரே சரிஞ்சு உடையும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமால கூட்டி, வெறுங்கையால வாரி, குப்பைக் கூடையில போடுவோம். வெள்ளி முத்து மாதிரி உருளுதுன்னு சின்னப் பிள்ளைங்களுக்கு வெளையாட்டுக் காட்டியிருக்கோம். ஏசி போட்ட ஆபரேஷன் தியேட்டர்ல ஜன்னல்கூடக் கெடையாது. இது விஷம்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. ஆனா தெரிஞ்சவங்க இருந்தாங்க. எல்லாப் புஸ்தகத்துலயும் இருந்துச்சுன்னு பெறகு படிச்சேன்.” அவள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “விடுதலைன்னு சொல்லிட்டிய. நன்றி. ஆனா எதுல இருந்து?”

“உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா. ஆனா சட்டத்துல அதுக்கு இடம் இல்ல” என்றார் நீதிபதி. அவர் நல்ல மனிதர். குரலில் வருத்தம் இருந்தது. அதனால் ஜெபக்கனிக்கு இன்னும் கோபம் வந்தது.

வேலை திரும்பக் கிடைத்தது. மிச்சமிருந்த சில வாரங்கள் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பழைய செவிலியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். அந்த ஞாயிறு செவிலியர் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடினார்கள். முட்டி வலியோடும், கைநடுக்கத்தோடும், மறதியோடும் வந்தார்கள். இரண்டு பேருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதை வயது என்று நினைத்திருந்தார்கள். ஹபீபா தன் விடுமுறையில், உறைகளோடும் கத்தரியோடும் வந்திருந்தாள்.

பெண்களைப் பார்த்ததும் அவள் ஜெபக்கனியைத் தனியாகக் கூப்பிட்டாள். “சிஸ்டர், இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ரிட்டயராகிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப இருக்கற முடி எல்லாம் புதுசு. இதுல ஒண்ணும் கிடைக்காது.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ரெஜினா, அறுபத்தெட்டு வயது, ஒருகாலத்தில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், தன் கொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். நான்கு கொண்டை ஊசிகளை உருவினாள். கொண்டைக்குள் வைத்துக் கட்டியிருந்த சவுரி கையோடு வந்தது.

“இது ஆகுமா பாருங்க” என்றாள். “எல்லாம் என் சொந்த முடிதான். வேலையில சேந்த நாள்ல இருந்து சீப்புல வந்தத உருட்டி உருட்டிச் சேத்து வச்சுக் கட்டுனது.”

ஹபீபா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். “ஆகும்” என்றாள்.

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. என்கிட்டயும் இருக்கு என்றாள் ஒருத்தி. பீரோவில் கிடக்கிறது என்றாள் இன்னொருத்தி. போன் போட்டு மருமகளை எடுத்துவரச் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினார்கள். மதியத்துக்குள் நீள மேசை நிரம்பிவிட்டது. கருப்புச் சவுரிகள், செம்பட்டை ஏறிய சவுரிகள், நூல் சுற்றிய முடிச்சு பிரிந்தவை, பாச்சா உருண்டை வாசம் அடிப்பவை.

கடைசியாக ஒரு நடுவயதுக்காரி வந்தாள். செவிலியர் அல்ல. வாழைக்காய் மண்டி வைத்திருப்பவள். மஞ்சள் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

“எங்கம்மாவோடது. தங்கபுஷ்பம். பிள்ளைங்க வார்டுல இருந்தாங்க. நாப்பத்தொம்பது வயசுல கிட்னி போயிச் செத்துட்டாங்க. காரணம் தெரியலன்னுட்டாங்க. துணிமணி எல்லாம் குடுத்துட்டோம். இத மட்டும் குடுக்க மனசு வரல.”

ஹபீபா பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றாள். “சிஸ்டர்,” என்றாள் மெதுவாக, “நான் உண்மையைச் சொல்லணும். இது எதுலயும் முத்திரை இருக்காது. யாரையும் கூண்டுல ஏத்த முடியாது. கேஸ் நிக்காது.”

ஜெபக்கனி பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். தானே பிரித்தாள். கத்தரியை எடுத்து, சவுரியின் நுனியிலிருந்து ஒரு கொத்தை நறுக்கி உறையில் போட்டு, பேனாவை ஹபீபாவின் கையில் வைத்தாள்.

“கேஸு நிக்காட்டா போகட்டும் மேடம். இருக்கா இல்லையான்னு மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்த நாங்க கவர்மெண்டுகிட்ட போயிக் கேட்டுக்கிடுதோம். இத்தனை பேரு போயி நின்னா யாரு இல்லைன்னு சொல்லுதான்னு பாப்போம்.”

ஹபீபா எழுதத் தொடங்கினாள். தங்கபுஷ்பம், குழந்தைகள் வார்டு.